இரண்டு வரிசை விளக்கு

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கோடித் துணியை இரண்டு கையாலும் பிடித்து யாரோ ஒரே இழுப்பாக நீளத்துக்குக் கிழித்த மாதிரி, கிழித்துக்கொண்டே போய், துணி தீர்ந்து கை இரண்டும் வெறுமனே மோதிக்கொண்ட மாதிரி கடைசியில் ஒரு மொத்தல். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பவுலினின் கை நடுவிலேயே நின்றது. அதுவரை தேரிச் செம்மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், கல்லறைத் தோட்டத்து ஒலிபெருக்கியில், புதுச் சாமியார் புனிதர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஊர் மொத்தமும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கடல் இரைகிற மாதிரி திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சாமியார் குரல் இல்லை, ஊர்க் குரலும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் ஙொய்யென்று ஒரே சுருதியில் ஊளையிட்டது. பந்தல் சரிந்திருக்கும், என்று நினைத்தாள். மழை விட்டு இரண்டு நாள்தானே ஆகிறது, ஈர மணலில் ஊன்றிய கால் நிற்குமா, பந்தல்தான். இல்லாவிட்டால் ஜெனரேட்டர். போன வருஷம் மாதா திருவிழாவில் ஜெனரேட்டர் புகைந்து சப்பரத்துத் துணியில் தீப்பிடித்ததே, அந்த மாதிரி. கல்லறைத் திருநாள் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் பந்தலும் ஜெனரேட்டரும் தவிர விழுவதற்கும் வெடிப்பதற்கும் வேறு என்ன இருக்கிறது. குழந்தை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அழவில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு அந்தப் பார்வை எப்படி வரும், எல்லாம் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிற பார்வை, அவள் படித்த கன்னியர் மடத்தில் மதர் சுப்பீரியருக்குத்தான் அப்படி ஒரு பார்வை இருந்தது. தூங்கு ஆன்சி, தூங்குட்டி, என்றாள். பந்தல்தான் விழுந்திருக்கிறது. ஆனால் பந்தல் விழுவதற்கு முன்னால் மேலே ஒன்று சுற்றியதே. வீட்டுக்கு மேலே ஒரு தடவை வந்தது, கடல் பக்கம் போனது, திரும்ப வந்தது. அதைக் கேட்கக்கூடாது என்றுதானே அவ்வளவு சத்தமாகத் தாலாட்டுப் பாடினாள், குழந்தை பயந்து காதைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு. பாட்டு நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் தாழ்ந்து தாழ்ந்து, வழக்கமாகத் தாழ்கிற கிழக்கே இல்லாமல், மேற்கே, தேரிக்கு அந்தப் பக்கம். பந்தல்தான், என்று இன்னொரு தடவை சொன்னாள். சொன்ன வாய்க்கே நம்பிக்கை இல்லை.

கதவு சாத்தித்தான் இருந்தது, அவள் திறந்து பார்த்தாள். வீட்டுக்கு நேர் முன்னால் ப்ளேன்ரோடு இருட்டில் கிடந்தது. ஊரில் அதற்கு அதுதான் பேர். முதலாளியின் கடற்கரை பங்களாவுக்கு முதலாளியின் சின்ன விமானம் வந்து இறங்குவதற்காகப் பனைகளை வெட்டித் தேரி மண்ணைச் சமன்படுத்திப் போட்ட ஒற்றைத் தார்ப்பாதை. அதற்கு இன்னாசி காவல். ஆடு விரட்டுவது, பாம்பு அடிப்பது, காற்று அடிக்கிற திசை காட்டும் துணிப் பையைக் கம்பத்தில் ஏற்றுவது, இருட்டிய பிறகு விமானம் வந்தால் பாதைக்கு இரண்டு பக்கமும் டின்விளக்கு வைப்பது. இதற்குச் சம்பளமும் இந்த வீடும், வீட்டுக்குள் ஒரு போனும். கல்யாணம் ஆகி வந்த புதிதில் இன்னாசி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பழைய பால்பவுடர் டின்களில் பாதிக்கு மணல், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சாக்குத் துண்டு திரி. காற்றுக்கு அணையாது. ஏளா, இந்த வெளிச்சம் ரெண்டு வரிசையாத் தெரிஞ்சாத்தான் மேல இருக்கவனுக்கு இது தரை, இல்லன்னா எல்லாம் ஒரே கருப்பு, என்றான். வெளிச்சம் இல்லன்னா? என்று கேட்டாள். இல்லன்னா எறங்க மாட்டாம்ளா, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு மதுரைக்கே போயிருவான், என்ன, போற வழியில நம்ம அம்மை ஆத்தாவைத் திட்டிக்கிட்டே போவான். சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது, என்று இப்போது நினைத்தாள். வெளிச்சம் இல்லாவிட்டால் இறங்க மாட்டான். இன்றைக்கு ப்ளேன்ரோட்டில் வெளிச்சம் இல்லை. ஆகவே இறங்கியிருக்க மாட்டான். மதுரைக்குப் போய்க்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கரும்பலகையில் கடைசி வரியை எழுதிக் கீழே இரண்டு கோடு இழுப்பாளே, அந்த மாதிரி இரண்டு கோடு இழுத்துப் பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி ஊளையிட்டது. மேற்கே தேரி மேட்டின் விளிம்பில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, அது எப்போதும் இருந்ததுதான், இருட்டத் தொடங்கியதிலிருந்து இருக்கிறது, மெழுகுவர்த்தி வெளிச்சம் அவ்வளவு தூரம் தெரியுமா என்று அப்போதே ஒரு கணம் யோசித்தாள், யோசித்ததை அங்கேயே விட்டுவிட்டாள். இப்போது அந்த மஞ்சளுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.

மெழுகுவர்த்தி இல்லை. டின். அந்த எண்ணம் வந்ததும் குழந்தையை இறுக்கிவிட்டாள், குழந்தை வீரிட்டது. மத்தியானம் இன்னாசி கொட்டகையில் டின்களை அடுக்கிக் கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எங்க கொண்டு போறீங்க, என்றாள். சாமியார் கேட்டாரு, என்றான். புதுச் சாமியாருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அவனவன் கல்லறையில் அவனவன் இஷ்டத்துக்கு மெழுகுவர்த்தி ஒட்டினால் பன்றி மேய்ந்த காடு மாதிரி இருக்கிறதாம், இந்த வருஷம் வாசலிலிருந்து பெரிய சிலுவை வரைக்கும் நடுப்பாதைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக விளக்கு வைக்க வேண்டுமாம், காற்றுக்கு அணையாத விளக்காக. அதுக்குத்தான் நம்ம ப்ளேன்ரோட்டு விளக்கு இருக்கே, என்று மாமி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாமிக்குத் தன் மகன் கோயிலில் எதையாவது கொடுத்து நாலு பேர் பார்க்க நிற்க வேண்டும். முதலாளிக்குத் தெரிஞ்சா? என்று பவுலின் கேட்டாள். திண்ணையும் நடையும் இல்லாத அந்த ஒற்றை அறை வீட்டில் மாமி கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: கான்வென்ட்காரிக்கு மோட்சத்துக்குப் போறவனுக்கு வெளக்கு வைக்கதவிட மொதலாளி பெருசு. இங்கிலீசுல படிச்சா அப்படித்தான், செத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. இன்னாசி சிரித்தான். ப்ளேன் இந்த வாரமே கெடையாதுளா, முதலாளி சென்னையில இருக்காரு, ராத்திரியே திருப்பிக் கொண்டாந்துருவேன். நானும் வாரேன், என்றாள். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, பனியில எதுக்கு, என்று மாமி சொன்னாள். மாமி சொன்னால் சொன்னதுதான். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டின்கள் ஒன்றோடொன்று முட்டிக் கலகலவென்று போன சத்தம் மணல் மேடு தாண்டும் வரை கேட்டது. போகட்டும், என்று நினைத்தாள். ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம், அந்தக் கிழவியின் நாக்கு இல்லாத வீட்டில் நானும் என் பிள்ளையும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து ஊதி ஊதிச் சிரிக்கவைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு வண்டிமாடு மாதிரி நின்றுகொண்டது. போன் அடித்தது, அவ்வளவுதான், என்று திருப்பி ஓட்டிப்பார்த்தாள். போகவில்லை. போன் அடித்தது, எடுத்தாள், அந்தப் பக்கம் கேப்டன் அர்த்தநாரி. விமானம் ஓட்டுகிறவர், கோயம்புத்தூர்ப் பக்கம், இந்த ஊரில் ஒருவரும் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதபோது அவளை அம்மிணி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ஏனுங் அம்மிணி, இன்னாசி இருக்காப்டிங்களா, என்றார். சர்ச்சுக்குப் போயிருக்காங்க சார். சரி, வந்ததும் சொல்லிருங்க, மொதலாளியோட பொண்ணைக் காலைல வெள்ளென ஏத்திட்டுப் போகோணும், நான் ராவைக்கே வந்து நின்னுக்கறேன், வெளக்கு மட்டும் வெச்சிரச் சொல்லுங்க, இருட்டி அரை மணியில வந்துருவேன். அவள் வாயைத் திறந்தாள். டின் இல்லை சார், என்று சொல்ல இரண்டு வினாடி ஆகும். டின்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் சார். முதலாளி டின்களையா? யாரைக் கேட்டு? வேலை போய்விடும். வேலை போனால் வீடு போய்விடும். வீடு போனால் மாமியின் ஓலை வீட்டில், மாமியின் கண்ணுக்கு முன்னால், மாமியின் அடுப்பில், சாகிற வரைக்கும். கேட்குதுங்களா அம்மிணி, என்றார். கேட்குது சார். வெளக்கு வெச்சிருவாப்ல தானே? வெச்சிருவாங்க சார், என்றாள். பாப்பா எப்படி இருக்குது, என்று கேட்டார். நல்லா இருக்கு சார். சாமி, நாளைக்கு மாமன் உனக்கு முறுக்கு கொண்டாறேன்னு சொல்லுங்க, பல்லு மொளைச்சாச்சா. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவளும் வைத்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கர்த்தர் சாட்சியாக ஒன்றும் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் இறங்க மாட்டான், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான், நாளைக்குக் கேட்டால் காற்றில் அணைந்துவிட்டது என்று இன்னாசி சொல்லிக்கொள்வான். இன்னாசி சொன்னதைத்தானே அவள் நம்பினாள். கல்லறைத் தோட்டத்திலும் விளக்கு எரியும் என்று, அது இரண்டு வரிசையாக எரியும் என்று, அதே டின், அதே மண்ணெண்ணெய், அதே மஞ்சள் என்று, மேலே இருந்து பார்ப்பவனுக்குச் சிலுவை தெரியாது, ஜனம் தெரியாது, இரண்டு வரிசை மட்டும்தான் தெரியும் என்று யார் நினைப்பார்கள். மாமி நினைத்தாளா. சாமியார் நினைத்தாரா. இன்னாசி நினைத்திருக்க வேண்டாமா, அவன்தானே காவல்காரன். ஆனால் இன்னாசிக்கு விமானம் வருகிறது என்று தெரியாது. அந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்.

ஊளை சட்டென்று நின்றது. நின்றதும் அதற்கு அடியில் இதுவரை மூடிக்கிடந்த சத்தம் மேலே வந்தது. முதலில் அது பிரார்த்தனை என்றே நினைத்தாள், அத்தனை குரல் ஒன்றாக. பிறகு தனித்தனியாகப் பிரிந்தது, ஒரு பொம்பிளைக் குரல் ஏ மக்கா, ஏ மக்கா என்று இழுத்துக்கொண்டு, இன்னொன்று வார்த்தையே இல்லாமல். இன்னாசி அங்கே இருக்கிறான். இன்னாசி, இன்னாசி, என்று உதடு சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் மாமனார் கல்லறை பெரிய சிலுவைக்குப் பக்கத்தில், பாதையை ஒட்டி. அங்கேதான் நிற்பான், கையில் மெழுகுவர்த்தியோடு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. மாமியும் அங்கேதான் நிற்பாள். மாமி மட்டும், என்று ஒன்று மனசின் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தது. மாமி மட்டும் என்றால். அவள் விசுக்கென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், ஆனால் எட்டிப் பார்த்தது முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, நிதானமாக நின்று அவளைப் பார்த்தது, மாமி இல்லாத அடுப்பு, மாமி இல்லாத கதவோரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. ஏழாம் வகுப்பில் ஒரு பொய்க்காக சிஸ்டர் அவளைப் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடவைத்துக் கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள், உண்மை வருகிற வரைக்கும் பிடி என்று. மெழுகு விரலில் வழிந்தது, மணிக்கட்டுக்கு வந்தது. பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த பெண் அழுது உண்மையைச் சொல்லிப் பிரம்படி வாங்கினாள். பவுலின் கடைசி வரை சொல்லவில்லை, மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது, சிஸ்டர் அவளுக்கு மட்டும் நல்ல பிள்ளை என்று படம் போட்ட ஜெபப் புத்தகம் கொடுத்தார்கள். கான்வென்ட்டில் பத்து வருஷத்தில் அவள் படித்ததில் வாழ்க்கைக்கு உதவினது அது ஒன்றுதான். நாளைக்குப் போலீஸ் வரும், கேட்பார்கள். போன் வந்ததா? வரவில்லை சார். உங்க வீட்டுப் போன்தானே? மழையில போன் செத்துக் கிடக்கு சார், மூணு நாளா. நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. மழையில போன் செத்துக் கிடக்கு சார். அப்போது போன் மேஜையில் கறுப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், உயிரோடு. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். இந்தக் கரையில் இது ஒன்றுதான் போன். எடுத்துக் காதில் வைத்தாள், கர்ரென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியது யார்? நான்தான் சார். அப்ப போன் நல்லாத்தானே இருந்திருக்கு? குழந்தை ரிசீவரின் சுருட்டைக் கம்பியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவள் அதன் கையிலிருந்து மெதுவாக விடுவித்தாள். குழந்தையைப் பாயில் கிடத்தினாள். குனிந்து, சுவரோடு கம்பி சேருகிற இடத்தைப் பிடித்து, முருங்கைக்கீரை உருவுகிற மாதிரி ஒரு இழுப்பு. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. திரும்பக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அங்கே எரிந்துகொண்டிருக்கிறவர்களுக்கு என்ன, விதி, திருநாள் அன்றைக்குச் செத்தால் நேரே மோட்சம் என்பார்கள். அப்படியே நினைத்தாள், அதே வார்த்தைகளில். நினைத்தது தான்தானா என்று ஒரு தடவை கையைப் பார்த்துக்கொண்டாள், விரலில் சுண்ணாம்பு. சேலையில் துடைத்தாள். இனி ஒருவருக்கும் தெரியாது. கேப்டனைத் தவிர. கேப்டன் செத்திருப்பார். ப்ளேன் எரிகிறதே, உள்ளே இருக்கிறவர் எப்படிப் பிழைப்பார். ஆண்டவரே, அவர் ஆத்துமா சாந்தியடையட்டும், என்று முழு மனசோடு வேண்டிக்கொண்டாள். பல் முளைச்சாச்சா என்று கேட்டவர். நல்ல மனுஷன். சாந்தியடையட்டும், சீக்கிரம் அடையட்டும்.

மணலில் யாரோ ஓடி வருகிற சத்தம். மணலில் ஓடினால் தொப் தொப்பென்று கேட்கும், இது ஒரு கால் தொப், ஒரு கால் இழுபடுகிறது. இன்னாசி, என்று கதவுக்கு ஓடினாள், இன்னாசிக்குக் காலில் அடி. காற்றில் பாதி சாத்திக்கொண்டிருந்த கதவை இழுத்துத் திறந்தாள். வாசல் விளக்கு வெளிச்சத்துக்குள் வெள்ளைச் சட்டை வந்தது, பாதி வெள்ளை. அம்மிணி, என்றது. நெற்றியிலிருந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது, மற்ற கண் அவளைப் பார்த்தது. அம்மிணி, போன், ஆசுபத்திரிக்குப் போன் போடு, அங்க, ஐயோ, அங்க சனம்மா, அத்தனை சனம், நான் தரைன்னு நெனைச்சேன், ரெண்டு பக்கமும் வெளக்கு, கிட்ட வந்தப்புறந்தான், குழந்தைகம்மா. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் செத்துக் கிடக்கு சார், மழையில, என்றாள். அவர் அவளையே பார்த்தார். மழையிலயா, என்றார். சாயந்தரம் பேசினியே. அவருக்குப் பின்னால் தேரி மேட்டின் மேல் வெளிச்சங்கள் ஏறி இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கின, தீப்பந்தம் இல்லை, கையில் கிடைத்த டின்களைக் கம்பில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். குரல்கள் வந்தன. இங்கனதான் ஓடுனான், ஏல, ப்ளேன்ரோட்டுப் பக்கம். கேப்டன் திரும்பிப் பார்த்தார், திரும்பி வாசல்படியில் ஏறினார். உள்ள விடு அம்மிணி, நான் சொன்னா அவங்க கேக்க மாட்டேங்கறாங்க, குடிச்சுட்டு ஓட்டுனேங்கறாங்க, சிலுவையைப் புடுங்கி அடிக்கறாங்க. நீ சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க, உங்க சனம். வெளக்கு வெப்பாங்கன்னு நீ சொன்னியல்ல, அதை மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம், நான் கேட்டேன், நீ வெச்சிருவாங்கன்னு சொன்னே, அத்தனைதான். அவள் காதில் அது விழுந்துகொண்டிருக்கும்போதே இருட்டிலிருந்து வேறொரு குரல் எழும்பியது, தொண்டை கிழிந்த குரல், ஆனாலும் அவளுக்கு ஆயிரம் குரலில் தெரிந்த குரல்: எங்கம்மைய கொன்னுட்டு எங்கல ஓடுத, நில்லுல! இன்னாசி. இன்னாசி உயிரோடு இருக்கிறான். அவள் நெஞ்சுக்குள் பால் சுரக்கிற மாதிரி ஒன்று சுரந்து வழிந்தது, சந்தோஷம்தான் அது, வேறு பேர் இல்லை அதற்கு. இன்னாசி இருக்கிறான், மாமி இல்லை, ஆன்சி இருக்கிறாள். இந்த மனுஷன் வாயைத் திறந்து இன்னாசி முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இன்னாசி அவளைப் பார்ப்பான். கேப்டன் ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்திருந்தார். கையை எடுங்க சார், என்றாள், வழியில் நிற்கிறவரிடம் கொஞ்சம் ஒதுங்குங்க என்று சொல்கிற குரலில். என்னம்மா? என்றார். அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவர் அலறினார், கதவு முழுசாகச் சேரவில்லை, இடுக்கில் நாலு விரல், அதில் ஒன்றில் கல்யாண மோதிரம். அவள் பாரம் முழுவதையும் சாய்த்துக்கொண்டு நின்றாள், பாயில் குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது, ஏதோ விளையாட்டு என்று. விடும்மா, விடும்மா, நான் சொல்லல, எதையும் சொல்லல, என்று கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. இந்தாருக்கான்ல, என்று அதற்கும் அந்தப் பக்கம் கேட்டது. அவள் ஒரு கணம் பாரத்தைத் தளர்த்தினாள், அந்த விரல்கள் உருவிக்கொள்கிற அளவுக்கு மட்டும். உருவிக்கொண்டன. பிறகு கதவைச் சேர்த்து, தாழ்ப்பாளை அது போகிற மட்டும் தள்ளிப் போட்டாள்.